ஒரு மணி நேர மந்திரமும் அப்பாதுரையின் வாளும்

அருணாதேவிக்கு உட்காரத் தெரியாது. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கணினி முன்னால் எட்டு மணி நேரம் உட்காருவதற்காகத்தான் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அவர் பாதி வேலையை நின்றுகொண்டும், மீதியை நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டும் செய்து முடிக்கிறார். மேசைக்குக் கீழே வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்து மேசைக்காரர் ஒருமுறை நிலநடுக்கம் என்று வெளியே ஓடினார். டீ குடிக்கப் போக அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான் என்கிறார் அருணாதேவி.

வயது முப்பத்தெட்டு. பாதிப் பேருக்கு மலையின் பெயரையே வைக்கும் இந்த ஊர் பஸ்ஸில் நின்று "அருணா" என்று கூப்பிட்டால் கண்டக்டர் உட்பட நாலு பேர் திரும்புவார்கள். இவர் திரும்பமாட்டார். ஏற்கெனவே திரும்பித்தான் நின்றுகொண்டிருப்பார், எந்த ஸ்டாப்பில் இறங்கினால் சீக்கிரம் போகலாம் என்று கணக்குப் போட்டபடி. உரக்கடையில் பில் போட்டார். தையல் வகுப்புக்குப் போய், ரவிக்கைக்கு ஒரு கை வைத்ததோடு நின்றார். இன்சூரன்ஸ் பிடிக்கப் போய், பிடித்த இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் என்பதால் சொந்தத்தையும் விட்டார். வீட்டில் பீரோ மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறும். அவருடைய வீட்டுக்காரர் இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தால் கையை முன்னால் நீட்டிக்கொண்டுதான் நடப்பார்.

இப்போதைய வேலை ஒப்பந்த வேலை. பதினோரு மாதம் வேலை, ஒரு நாள் இடைவெளி, மறுபடி பதினோரு மாதம். அந்த ஒரு நாள் அவர் அலுவலகத்துக்கு அந்நியர். மறுநாள் காலை அதே நாற்காலி, அதே மௌஸ், புதிய நியமன ஆணை. ஒன்பது வருஷமாக இப்படி. இடைவெளி நாளில் ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்டு அலுவலகத்திலிருந்து ஆறு போன் வரும். அந்நியர் பொறுமையாகப் பதில் சொல்வார்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு காரியத்தை மட்டும் ஆறு வருஷமாக விடாமல் செய்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, அவலூர்பேட்டை ரோட்டில் அப்பாதுரையின் லேத் பட்டறையில், மூன்று பேரை உட்காரவைத்துக் கதை ஆட்டம் நடத்தினார்.

ஆட்டம் இதுதான். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். உருட்டி விழுகிற எண்ணோடு உங்கள் பலத்தைக் கூட்டி, கதை சொல்பவர் மனதில் வைத்திருக்கும் எண்ணைத் தொட்டால் பலித்தது. தொடாவிட்டால் அரக்கன் உங்களைத் தொடுவான். கட்டம் கிடையாது, காய் கிடையாது, ஜெயிப்பது கிடையாது, பரிசும் கிடையாது. அப்புறம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர் நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதைப் பெரும் பேறாக நினைக்கும் ஊரில் இந்தக் கேள்வி எழுந்திருக்கவே கூடாது. ஆனாலும் வெளியே சொல்ல வீட்டுக்காரருக்குக் கூச்சம். யாராவது அருணா எங்கே என்றால் "மீட்டிங்" என்பார்.

ஆட்டம் அவரிடம் வந்து சேர்ந்ததும் இந்த ஊர் முறைப்படிதான். ஆபீஸ் முடிந்த பிறகு செங்கம் ரோட்டில் ஒரு விடுதியின் வரவேற்பில் அவர் பகுதி நேரமாக நின்ற காலத்தில், தன்னைத்தானே தேடி ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நாற்பது நாள் தங்கித் தேடினார். கிடைத்தாரா என்பது தெரியவில்லை. ஆனால் போகும்போது கட்டிலுக்கு அடியில் ஒரு தடிப் புத்தகத்தையும் ஒரு பை நிறையப் பகடைகளையும் விட்டுப் போனார். மூன்று மாதம் யாரும் கேட்டு வராவிட்டால் எடுத்தவருக்கு என்பது விடுதி வழக்கம். அருணாதேவி நின்றபடியே முன்னூறு பக்கத்தையும் படித்தார், இரண்டு தடவை.

அப்பாதுரை முதல் ஆள். ஐம்பதை நெருங்குபவர். விடுதியின் தண்ணீர் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொண்டுவந்தவர், வரவேற்பு மேசையில் அந்தப் பகடையைப் பார்த்து, "இருபது பக்கமும் ஒரே அளவா கீதே, இன்னா மிஷின்ல வெட்டுனாங்க?" என்று கேட்டு உள்ளே விழுந்தார். ஆட்டத்தில் அவர் இரும்பன் என்ற வீரர். பட்டறையும் டீயும் அவருடையது. இரண்டாவது ராணியம்மாள், ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர். முப்பத்திரண்டு வருஷம் குழந்தைகளைத் துரத்திப் பிடித்து ஊசி போட்டவர், ஆட்டத்தில் பூனைக்காலி என்ற திருடி. யாரும் தன்னைத் துரத்திப் பிடித்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய நிபந்தனை. மூன்றாவது மாறன். கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளியின் கணக்கு வாத்தியார், முப்பது வயது. ஞாயிறுதோறும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேருவான். ஆட்டத்தில் புகைமுனி என்ற மந்திரக்காரன்.

பிரச்சினை ஒரு வாளில் தொடங்கியது.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அருணாதேவியின் அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியர்களில் யார் யாரை நிரந்தரம் ஆக்குவது என்ற பட்டியலை ஒட்டினார்கள். பதினேழு பெயர். அவர் மேலிருந்து கீழே படித்தார், கீழிருந்து மேலே படித்தார். இரண்டு வழியிலும் பதினேழுதான் வந்தது, அவர் பெயர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்தபோது யாருக்காவது எதையாவது நிரந்தரமாகக் கொடுத்துவிட வேண்டும் போலிருந்தது அவருக்கு. அன்றைக்குக் குகைக்குள் முதலில் நுழைந்தது அப்பாதுரையின் இரும்பன். குகையில் ஒரு வாள் கிடந்தது. சுடர்வாள். அதை ஏந்துபவரின் ஒவ்வொரு வீச்சுக்கும் பகடையில் இரண்டு கூடும். எப்போதும், எந்த அரக்கனிடமும், ஆயுசு முழுக்க.

அப்பாதுரை அந்தத் தாளை வாங்கி, எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, இரண்டு தடவை படித்தார். "எப்பவுமா?" என்றார்.

"எப்பவும்தாண்ணா."

அந்த "எப்பவும்" போய் மாறன் தலையில் விழுந்தது. புகைமுனியிடம் இருந்த முக்கியமான மந்திரமே ஆயுதத்துக்கு உரம் ஏற்றுவது. எந்த ஆயுதத்தையாவது தொட்டுச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்கு அது மந்திர ஆயுதம், பகடையில் ஒன்று கூடும். ஒரு நாளைக்கு அவனால் மூன்று மந்திரம்தான் சொல்ல முடியும். சொன்ன பிறகும் மனதை அதிலேயே வைத்திருக்க வேண்டும். கவனம் கலைந்தால் மந்திரமும் கலையும். அதுவரைக்கும் அரக்கன் வந்தால் எல்லோரும் மாறன் பக்கம் திரும்புவார்கள். வாள் வந்த பிறகு யாரும் திரும்பவில்லை. மாறன் பகடையை எடுத்து, பார்த்து, கீழே வைத்தான். நாலு ஞாயிறு அப்படி வைத்தான். ஐந்தாவது ஞாயிறு வாயைத் திறந்தான்.

"கணக்கா சொல்றேன்க்கா. என்கிட்ட கீறது மூணு. அதுல ஒண்ண செலவு பண்ணி, கண்ண மூடிக்கினு முக்குனா, ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணு கூடும். அண்ணன் சும்மா உறையிலருந்து உருவினா ரெண்டு. காலைல பல்லு வெளக்கறப்பவும் ரெண்டு, தூங்கறப்பவும் ரெண்டு."

"தூங்கறப்ப நானு யாரையும் வெட்டலையேப்பா" என்றார் அப்பாதுரை.

"வெட்டலாம்ல? அந்த வசதி கீதுல்ல?"

"உனுக்கு இன்னா, நெருப்பு மந்திரம்லாம் கீது. வேற எதுனா போடு."

"ஆறு வருஷமா இதத்தாண்ணா வளத்தேன்."

நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது. அதுதான் அருணாதேவியைத் தூங்கவிடவில்லை. ஒரு பக்கம் அநியாயம் என்றால் ஆபீஸில் அனுப்புகிற மாதிரி ஒரு பதிலை அனுப்பிவிட்டு மறந்துவிடலாம்.

முதலில் மந்திரத்தின் பலத்தை மூன்றாக உயர்த்திப் பார்த்தார். அப்பாதுரை வாள் தாளை மடித்து, பட்டறையில் ஆட்டச் சாமான் வைக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்தார். அடுத்த ஞாயிறு டீ வரவில்லை. பட்டறையில் டீ வராதது சாதாரண விஷயம் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் ஊசி போட்ட ராணியம்மாளே மிரண்டுபோனார். மூன்று மறுபடி ஒன்றாக இறங்கியது, டீ வந்தது.

அடுத்து, வாள்மேலேயே மந்திரத்தை ஏற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டார். இரண்டும் ஒன்றும் மூன்று, எல்லோருக்கும் பங்கு. மூன்று வாரம் ஓட வேண்டும் என்று அவர் திட்டமிட்டு வைத்திருந்த மலைப்பாம்பு, ராணியம்மாள் ஒரு முறுக்கைக் கடித்து முடிப்பதற்குள் செத்தது.

"இதுக்கா நானு ராவெல்லாம் சுவரேறி சாவி திருடனேன்?" என்றார் ராணியம்மாள். "நீங்க ரெண்டு பேரும் வெட்டிக்கினே போங்க, நான் பின்னாடி கூட்டிக்கினு வரேன்."

அதையும் எடுத்தார். பிறகு, வாள் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும் என்றார். அன்றைக்கு அப்பாதுரை லேத் மேல் கையை ஊன்றி இருபது நிமிஷம் பேசினார். இரும்பு எப்படிக் காயும், எண்ணெயில் முக்கினால் எப்படிக் கெட்டிப்படும், எந்தக் கல்லில் தீட்டினால் எவ்வளவு போகும் என்று எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக, "இரும்பு தேயும், ஒத்துக்கறேன். மந்திரம் எப்படிம்மா தேயும்? தேஞ்சா பொடி எங்க விழுது? காட்டு" என்றார். காட்ட அருணாதேவியிடம் பொடி இல்லை.

புத்தகத்தைப் புரட்டினார். இத்தகைய சிக்கல் வரும்போது கதை சொல்பவர் தம் விருப்பப்படி முடிவு செய்யலாம் என்று இருந்தது. ஒன்பது வருஷம் அரசாங்கக் கடிதங்களைத் தட்டச்சு செய்தவருக்கு அந்த வரியின் அர்த்தம் உடனே விளங்கியது: எங்களுக்கும் தெரியாது.

"வாள புடுங்கிடுங்களேன்" என்று மாறன் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்துகொண்டே சொன்னான். "திருடன் வந்தான், தூக்கினு போய்ட்டான். முடிஞ்சிது."

"எப்பவும்னு சொல்லிக் குடுத்தேன் மாறா."

"அப்ப சொன்னீங்க. இப்ப ஆர்டர் மாத்துங்க."

அருணாதேவி நடையை எட்டிப் போட்டார். ஆர்டர் மாற்றுகிறவர்களை அவருக்குத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிறு மாறன் எழுந்து நின்று, கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது. "வியாழக்கெழமை லீவுல வரேன்க்கா. அன்னைக்கும் என் மந்திரம் சும்மா கெடந்துச்சின்னா அதோட நிறுத்திக்கறேன். அண்ணன் வெட்றத வேடிக்க பாக்கறதுக்கு கீழ்பென்னாத்தூர்லருந்து தொங்கிக்கினு வரணுமா, சொல்லுங்க."

"அவன் வரலன்னா நானும் வரலம்மா" என்றார் ராணியம்மாள். "ரெண்டு பேர வெச்சிக்கினு இன்னா ஆட்றது? அதுக்கு நானு வீட்ல சீரியல் பாப்பேன். அதுலயாவது யாருனா ஜெயிப்பாங்க."

அப்பாதுரை தரையைப் பார்த்தார். ஆக, வியாழக்கிழமை சரியாக நடக்காவிட்டால் ஆறு வருஷத்து ஆட்டம் கலையும். அருணாதேவியிடம் கலையாமல் இருந்தது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அவர் கிரிவலம் கிளம்பினார். பௌர்ணமி இல்லை, வேண்டுதல் இல்லை, உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். வழியில் அக்னி லிங்கத்துக்கும் எம லிங்கத்துக்கும் நடுவே வாளைத் திருட்டுக் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தார். நிருதி லிங்கத்தில் அப்பாதுரையின் முகம் ஞாபகம் வந்து கைவிட்டார். வருண லிங்கத்தில் மாறனுக்கு நான்காவது மந்திரம் ஒன்று கொடுத்தார், வாயு லிங்கத்தில் திரும்ப வாங்கினார். குபேர லிங்கம் தாண்டி, மந்திர வாள்களே வேலை செய்யாத ஒரு சாபக் குகை தோன்றியது. வாள் கையில்தான் இருக்கும், ஆனால் வெறும் இரும்பு. மந்திரம் மட்டும் பலிக்கும். இது வாளைப் பிடுங்குவதேதான், கொஞ்சம் மரியாதையாக. அது அவருக்கும் தெரிந்தது. வேறு வழி தெரியவில்லை. இரண்டு நாளில் பதினோரு பக்கம் எழுதினார். பக்கத்துக்குப் பக்கம், "அரக்கன் பலம்: புத்தகம் 143 பார்க்க", "விஷம்: புத்தகம் 207 பார்க்க".

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பட்டறைக்குப் போனார். வாசலில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. உடைத்த பூசணிக்காய் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது. உள்ளே லேத் மிஷின் குளித்து, மூன்று பட்டை விபூதி பூசி, சாமந்தி மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது. அதன் முன்னால் தலைவாழை இலையில் ஸ்பேனர்கள், சுத்தியல், வெர்னியர், வெல்டிங் ஹோல்டர் என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும். வரிசையின் நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிய மாலையோடு, அவர்களுடைய தகரப் பெட்டி.

புத்தகம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஆட்டக்காரர்களின் தாள்கள் அதற்குள் இருந்தன. சுடர்வாளின் தாளும்.

"அண்ணா, பொட்டி?" என்றார் அருணாதேவி.

"அதுவும் ஆயுதந்தானம்மா. வாளு உள்ளதான கீது" என்றார் அப்பாதுரை, வேட்டி கட்டிய பெருமிதத்தோடு. "பத்தரைக்கு தீபாராதனை காட்டியாச்சி."

"அப்ப எடுத்துக்கலாம்ல?"

"இன்னாம்மா படிச்சவங்க கேக்கற கேள்வியா இது? பூஜைல வெச்சத நாளைக்கு காலைலதான் எடுக்கணும். விஜயதசமி அன்னிக்கி ஒரு நட்டு முடுக்கிட்டு, அப்பால பொட்டி."

"ரூல் புக் உள்ள கீதுண்ணா."

"புக்குன்னா சரஸ்வதி பூஜை கணக்குல வந்துரும். ஒரே பூஜைல ரெண்டும் முடிஞ்சிது, நல்லதுதான்."

மாறன் வாசலிலேயே நின்றான். "சரிக்கா" என்றான். "நாலு மணிக்கு ஒரு பஸ்ஸு கீது."

அருணாதேவி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பகடைகள் மட்டும் அதில் இருந்தன. அதைக் கவனித்த அப்பாதுரை, "அதையும் குடும்மா, ரவ சந்தனம் வெச்சிட்றேன்" என்று கையை நீட்டினார். "அது ஆயுதம் இல்லண்ணா" என்று ஒரே எட்டில் பின்னால் போனார்.

"தாளு இல்லன்னா இன்னா?" என்றார் ராணியம்மாள். பொரி தட்டை மடியில் வைத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்துவிட்டிருந்தார். "நம்ம யாருன்னு நமக்கு தெரியாதா? டேய் மாறா, வந்து ஒக்காரு. பஸ்ஸு அஞ்சு மணிக்கும் கீது."

மாறன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான், எழுந்திருக்கத் தயாராக.

அருணாதேவி பதினோரு பக்கத்தை எடுத்தார். புத்தகம் 143 பார்க்க. பார்க்க முடியாது. தாளை அப்படியே கீழே வைத்தார். பிறகு, அந்தப் பதினோரு பக்கத்திலும் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"அண்ணா, இரும்பன் கையில இப்ப வாள் கீதா?"

அப்பாதுரை யோசித்தார். மாலை போட்ட பெட்டியைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம், இரும்பன் கதையில் இருப்பவன், அவனுக்கு ஏது ஆயுத பூஜை? ஆனால் அப்பாதுரை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்காகக் கடைந்த ஷாஃப்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கடைகிறவர்.

"வாளு பூஜைல கீது" என்றார். "நானே தொட மாட்டேன்னா அவன் மட்டும் எப்டி தொடுவான்?"

மாறன் நிமிர்ந்தான்.

அருணாதேவி நடக்க ஆரம்பித்தார். லேத்துக்கும் வாசலுக்கும் நடுவில் ஆறு எட்டு. நடந்துகொண்டே சொன்னார். அந்த நாட்டிலும் இன்றைக்கு ஆயுத பூஜை. ஊரில் உள்ள அத்தனை ஆயுதமும் கோயில் மண்டபத்தில் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கத்தி, கடப்பாரை, ஓர் அரிவாள்மணைகூட மிச்சமில்லை. இந்த நாளுக்காகவே வருஷம் முழுக்க மலைக்குப் பின்னால் காத்திருந்தவன் ஒருவன் வருகிறான். கல்லன். உடம்பெல்லாம் கருங்கல். சாதாரணமாக எதை வைத்து அடித்தாலும் அவனுக்குக் கூசக்கூட கூசாது. மந்திரம் ஏறியது பட்டால் மட்டும் வலிக்கும். ஊர்க்கோடியில் முதல் வீடு இடிகிற சத்தம் கேட்கிறது.

இதை எப்படி முடிப்பது என்று அவருக்குத் தெரியாது. ஆறு வருஷத்தில் முதல் தடவை.

"எம் மந்திரம் கீதே" என்றான் மாறன் மெதுவாக. "கையில புடிச்சி அடிக்கற மாதிரி எதுனா ஒண்ணு வேணும். எதுவா இருந்தாலும் சரி."

"ஒலக்க?" என்றார் ராணியம்மாள்.

"ஒலக்கைக்கு பொட்டு வெச்சாச்சி" என்றார் அப்பாதுரை.

"தொடப்பம்?"

"எங்க வீட்ல தொடப்பத்துக்கும் வெப்போம். லட்சுமி."

"அம்மிக் கொழவி?"

"காலைலயே."

"இன்னாய்யா இது, நாங்க ஆஸ்பத்திரில ஸ்டெதாஸ்கோப்புக்கே மாலை போட்ட ஜனம்" என்றார் ராணியம்மாள். "ஊருல பொட்டு வெக்காத பொருளே கெடையாதா? பேனாவுக்கு வெச்சாச்சி, சைக்கிளுக்கு வெச்சாச்சி, மாடு கொம்புக்கு வெச்சாச்சி."

கல்லன் மூன்றாவது தெருவுக்கு வந்துவிட்டான் என்றார் அருணாதேவி, லேத்தருகில் திரும்பியபடி.

மாறன் பட்டறையைச் சுற்றிப் பார்த்தான். எங்கே பார்த்தாலும் குங்குமம். அவன் கண் வாசலில் போய் நின்றது. அங்கே நாலு ஜோடி கிடந்தது.

"செருப்பு" என்றான்.

மூன்று பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"செருப்பா?" என்றார் அப்பாதுரை.

"பொட்டு வெச்சீங்களா?"

"எவனாவது செருப்புக்கு பொட்டு வெப்பானா?"

"செருப்பு தெக்கறவரு?" என்று ராணியம்மாள் குறுக்கே வந்தார்.

"அவரு ஊசிக்குத்தான் வெப்பாரு. செருப்புக்கு யாரும் வெக்க மாட்டாங்க. அப்ப அது ஃப்ரீயா கீது" என்றான் மாறன். வகுப்பில் விடை வந்துவிட்ட பையனின் முகம் அவனுக்கு. "இரும்பன் காலுல கீற செருப்ப தொட்றேன்க்கா. மந்திரம் சொல்றேன். ஒரு மணி நேரம்."

"ஏன், உங்காளு செருப்பு இல்லையா?" அப்பாதுரையின் குரலில் பட்டறை முதலாளி பேசினார். "சுடர்வாளு வெச்சிருக்கறவன்பா அவன். நாலு ஊரு கும்புட்றவன். அவன் போயி செருப்ப கையில எடுக்கறதா?"

"எங்காளு அடிச்சா கல்லனுக்கு கொசு ஒக்காந்த மாதிரிண்ணா. பலம் உங்களுதுதான். நீங்கதான் அடிக்கணும். நானு ஒரு ஓரமா நின்னு கண்ண மூடிக்கினு மந்திரத்த புடிச்சிக்கினு நிப்பேன்."

நாலாவது தெரு. பிள்ளையார் கோயில் மதில். அருணாதேவியின் குரல் வேகம் பிடித்தது. அப்பாதுரை ராணியம்மாளைப் பார்த்தார். "எடுய்யா" என்றார் ராணியம்மாள். "ஊரு இடியுது, இதுல கௌரவம் பாத்துக்கினு. நான் முட்டிபோட்டு அவன் காலுல கயிறு கட்டறேன், ரவ கூன வைக்கறேன். நீ மூஞ்சில போடு."

அப்பாதுரை கையைத் துடைத்துக்கொண்டார். கையில் எண்ணெய் இல்லை, இருந்தாலும் துடைத்தார். "எடுத்தேன்" என்றார்.

பதினாறு வந்தால் பட்டது என்றார் அருணாதேவி. இரும்பனின் பலம் மூன்று, மந்திரத்துக்கு ஒன்று. முதல் உருட்டலில் ஒன்பது விழுந்தது. பதிமூன்று. செருப்பு காற்றில் போனது. கல்லன் ஒரு பாறையைப் பிடுங்கிப் புகைமுனிமேல் எறிந்தான். கவனம் கலைந்தால் மந்திரம் போச்சு. மாறன் உருட்டினான். வாழ்நாளில் கணக்கைத் தவிர எதையும் நம்பாதவன், உருட்டுவதற்கு முன் லேத் மிஷினைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். பலித்தது. தோளில் அடி, ஆனால் மந்திரம் கலையவில்லை.

"புடிச்சிக்கினு கீறேன்ணா! அடிங்க!"

அப்பாதுரை உருட்டினார். பகடை இலையோரம் வரை ஓடி, ஒரு ஸ்பேனரில் முட்டி நின்றது. பன்னிரண்டு.

"பன்னெண்டும் மூணும் பதினஞ்சி" என்றார் அப்பாதுரை. முகம் விழுந்தது.

"ஒண்ணு!" மாறன் எழுந்தே விட்டான். "ஒண்ணு விட்டீங்க! பதினாறு! அந்த ஒண்ணு என்னுது!"

வாள் இருந்திருந்தால் பதினேழு வந்திருக்கும். இந்தக் கணக்கு அருணாதேவிக்கு உடனே தோன்றியது. சொல்லவில்லை.

கல்லனுக்கு இன்னும் முப்பது நாற்பது அடி தாங்கும் உடம்பு. ஆனால் ஊர் நடுவில், இத்தனை ஜனம் பார்க்க, கன்னத்தில் செருப்படி. அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான் என்றார் அருணாதேவி. சுற்றும் முற்றும் பார்த்தான். மலைக்குப் பின்னால் போனான். இன்னும் வரவில்லை. வெட்கத்துக்கு அந்தப் புத்தகத்தில் விதி கிடையாது. நல்லவேளை, புத்தகம் பூஜையில் இருந்தது.

நாலு மணி பஸ் போயிருந்தது. ஐந்து மணி பஸ்ஸும் போனது. மாறன் பொரியை வாயில் போட்டுக்கொண்டே மூன்றாவது தடவையாக விளக்கிக்கொண்டிருந்தான், இருபதில் ஒன்று என்பது ஐந்து சதவீதம், அந்த ஐந்து சதவீதம்தான் ஊரைக் காப்பாற்றியது என்று. ராணியம்மாள் கயிறு கட்டியதை யாரும் பேசவில்லை என்று ஒரு தகராறு நடந்தது. அப்பாதுரை டீ சொல்லியிருந்தார், இரண்டு சுற்று.

அடுத்த வாரம் வருவானா என்று அருணாதேவி கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும் போலிருந்தது. நின்றுகொண்டே டீயை ஆற்றினார்.

"அக்கா" என்றான் மாறன், செருப்பை மாட்டிக்கொண்டே. "வர ஞாயிறு ஸ்பெஷல் கிளாஸ் போட்டிருக்காங்க. மூணு மணிக்கு முடியாது. நாலுக்கு வெச்சிக்கலாமா?"

"வெச்சிக்கலாம்" என்றார் அருணாதேவி, அவசரமாக. டீ கையில் சிந்தியது.

"நாலுன்னா எனுக்கு இருட்டிப்போவும்" என்று ராணியம்மாள் ஆரம்பித்தார். அது வேறு தகராறு.

மறுநாள் காலை ஏழரைக்கு, வீட்டில் பீரோவைப் பாதி நகர்த்தியிருந்தபோது போன் வந்தது. அப்பாதுரை.

"அருணாம்மா, நட்டு முடுக்கிட்டேன். பொட்டி எடுத்துட்டேன். வாளு பத்திரமா கீது."

"சரிண்ணா."

"ஒண்ணு கேக்கணும். அந்தச் செருப்பு..."

"ஒரு மணி நேரம்ண்ணா. முடிஞ்சிபோச்சி."

"தெரியும். முடிஞ்சிது தெரியும். அத அப்டியே பர்மனென்ட்டா ஆக்கறதுக்கு எதுனா வழி..."

அருணாதேவி பீரோமேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"ராவெல்லாம் யோசிச்சேம்மா" என்றார் அப்பாதுரை. "வாளால எத்தினியோ வெட்டிக்கீறேன். எவனும் கன்னத்த புடிச்சதில்ல. வேணும்னா வாள திருப்பிக் குடுத்துட்றேன். மாத்திக்கலாம்."

வாள் தானாகத் திரும்பி வருகிறது. நாலு மாதத் தலைவலி ஒரே வார்த்தையில் தீரும். சரி என்று சொல்ல அருணாதேவியின் வாய் திறந்தும்விட்டது. பிறகு, நிரந்தரச் செருப்போடு இரும்பன் நடந்து வருவதும், மாறன் பகடையை எடுத்து, பார்த்து, கீழே வைப்பதும் தெரிந்தது.

"முடியாதுண்ணா" என்றார்.

இனி டீ வராது என்று தோன்றியது.

"வாள் உங்களுதுதாண்ணா, எப்பவும். செருப்பு வேணும்னா மாறன கேளுங்க."

"அவன் போடுவானா?"

"கேட்டா போடுவான். ஒரு மணி நேரத்துக்கு."

அப்பாதுரையும் மாறனும் ஆறு வருஷமாக ஒரே பட்டறையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். "அவன் நம்பரு எங்கிட்ட இல்லையேம்மா" என்றார். "ரவ அனுப்பு."